முட்டிக்குக் கீழே

14 ஜூன் 2004, திங்கள்

புனேயில் மழை இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை. காலையில் அவரோடு எம்ப்ரஸ் கார்டன் வரை நடக்கலாம் என்று கிளம்பினேன். வழக்கமாக நான்தான் பின்னால் ஓட வேண்டியிருக்கும். இருபத்தெட்டு வருஷம் பட்டாளம், அதில் நாலு வருஷம் கடக்வாஸ்லா ராணுவ அகாடமியில் அணிவகுப்பு பழக்குகிற டிரில் உஸ்தாத். கடைக்குப் பால் வாங்கப் போனாலும் அளந்து வைத்த மாதிரி எட்டு வைத்துத்தான் போவார். இன்று ரயில்வே கேட் தாண்டியதும் நின்றார். சுவரில் இருந்த சர்க்கஸ் போஸ்டரைப் பார்த்தார். மறுபடி நூறு அடி போனதும் ஒரு வீட்டு வாசலில் செம்பருத்தியைப் பார்த்துக்கொண்டு நின்றார். செடியை நின்று பார்க்கிற மனுஷன் இல்லை அவர்.

"என்ன?" என்றேன்.

"கெண்டைக்கால் பிடிக்கி. சுளுக்கு."

ரெண்டு நிமிஷம் நின்றால் விட்டுவிடுகிறதாம். நடந்தால் திரும்ப வருகிறதாம். அது என்ன சுளுக்கு?

22 ஜூன்

இன்று கேட் வரைகூடப் போகவில்லை. பேப்பர் படிக்கணும் என்று பாதியில் திரும்பிவிட்டார். பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

9 ஜூலை

மழைக்கென்று வாங்கிய ரப்பர் செருப்பு கடித்து, வலது கால் சுண்டுவிரலில் புண். பதினாலு வருஷமாகச் சர்க்கரை இருக்கிற உடம்பு, டாக்டரிடம் காட்டலாம் என்றேன். "செருப்புக் கடிக்கு எவனாவது ஆஸ்பத்திரிக்குப் போவானா" என்று சொல்லிவிட்டுப் பால்கனிக்குப் போனார். அங்கே போனால் சிகரெட் என்று அர்த்தம். நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்த காலத்திலிருந்து விடச் சொல்கிறேன். ஊரெல்லாம் என் குரலைக் கேட்டது, இவர் கேட்கவில்லை.

2 ஆகஸ்ட்

விரல் நுனி கறுத்துவிட்டது. மை தொட்ட மாதிரி. படுத்தால் பாதத்தில் எரிகிறது, காலைத் தொங்கப்போட்டால் கொஞ்சம் அடங்குகிறது. மூன்று நாளாக நாற்காலியில் உட்கார்ந்தே தூங்குகிறார். எனக்குத் தெரியக்கூடாது என்று விடிவதற்கு முன்னால் கட்டிலில் வந்து படுத்துக்கொள்கிறார். எனக்குத் தெரியாதா.

விமான் நகருக்குப் போன் செய்து அமலாவை வரச் சொன்னேன். மகள் ஆபீசிலிருந்து நேரே வந்தாள். காலைப் பார்த்ததும் கழுத்தில் மாட்டியிருந்த அட்டையைக்கூடக் கழற்றாமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "பாபா, யே க்யா ஹை" என்றாள், இது என்னப்பா என்று. பயந்தால் அவளுக்குத் தமிழ் வராது.

6 ஆகஸ்ட்

ஆஸ்பத்திரி. அறுவை டாக்டர் பாதத்தின் மேல் இரண்டு விரலை வைத்து வெகு நேரம் தேடினார். பிறகு பேனா மாதிரி ஒரு கருவி. இடது காலில் வைத்தபோது டப் டப்பென்று சத்தம் வந்தது. வலது காலில் எங்கே வைத்தாலும் வெறும் இரைச்சல்.

ரத்தம் இறங்கவில்லை என்றார். சர்க்கரையும் சிகரெட்டும் சேர்ந்து குழாயை அடைத்துவிட்டதாம். "விரலோடு நிற்காது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடுவது நல்லது."

இவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "முட்டி இருக்குமா சாப்?"

"இருக்கும். இப்போது செய்தால் இருக்கும்."

"அப்ப சரி."

சரியாம். காப்பி வேணுமான்னு கேட்டா சொல்லுத மாதிரி சரிங்காரு. நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

7 ஆகஸ்ட்

இன்று பூராவும் பேசினார். இவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை.

"சவரிமுத்து ஞாபகம் இருக்கா ஒனக்கு? என் கம்பெனி. காஷ்மீர்ல, பூஞ்ச்ல கண்ணிவெடி மேல கால வச்சிட்டான். முட்டிக்குக் கீழ போச்சு. இங்கதான் பட்டாளத்து லிம்ப் சென்டர்ல பொய்க்கால் போட்டாங்க. ஆறாம் மாசம் சைக்கிள் மிதிச்சிக்கிட்டு நம்ம வீட்டுக்கு வந்தான். நீதான் அவனுக்குத் தோசை சுட்டுப் போட்ட. முட்டி இருந்தா மனுசன் நடப்பாம்ட்டி. முட்டி போனவன் காலு காலு இல்ல, இழுத்துக்கிட்டுத் திரியணும்."

எனக்குப் புரிகிறது. ஆனால் அவர் சொல்லச் சொல்ல எனக்கு அந்தப் பாதத்தைத்தான் பார்க்கத் தோன்றியது. கணுக்காலில் பூட்ஸ் வார் அழுத்தி அழுத்தி முடி முளைக்காமல் போன வளையம். முப்பத்திரண்டு வருஷமாக என் பக்கத்தில் கிடக்கிற கால். அதை வெட்டி எங்கே கொண்டுபோவார்கள்? இதை யாரிடம் கேட்பது?

11 ஆகஸ்ட்

அமலா விசாரித்து இன்னொரு டாக்டரைக் கண்டுபிடித்திருக்கிறாள். கேல்கர் என்று பெயர். கத்தி இல்லாமல், கம்பி விட்டு ரத்தக் குழாயைத் திறக்கிறவராம். சின்ன வயசு, பொறுமை. ஒரு தாளில் காலை வரைந்து காட்டினார். இடது இடுப்பு மடிப்பில் ஊசித் துளை போட்டு, அது வழியாகக் கம்பியை வலது தொடைக்கு இறக்குவாராம். அடைப்பைக் கம்பி தாண்டினால் அதன் மேல் ஒரு சின்ன பலூனை ஏற்றி ஊதி விரிப்பது. தொடையில் மட்டும் குழாய் மறுபடி மூடாமல் இருக்க உள்ளே ஒரு உலோக வலை.

"முழங்காலுக்குக் கீழே மூன்று குழாய்கள். மூன்றும் அடைத்திருக்கின்றன. ஒன்று திறந்தால் போதும், புண் ஆறிவிடும். ஆனால் திறந்தது மறுபடி அடைக்கலாம். சிகரெட்டைத் தொட்டால் கண்டிப்பாக அடைக்கும். நான் உறுதி எதுவும் தரமாட்டேன்."

நான் இவரைப் பார்த்தேன். இவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். ரோட்டு மேப்பைப் பார்க்கிற மாதிரி.

"செஞ்சு பாப்போம்" என்றார்.

வெளியே வந்ததும் சட்டைப் பையிலிருந்து சிகரெட் பாக்கெட்டை எடுத்து வாசலில் இருந்த குப்பைத் தொட்டியில் போட்டார். தீப்பெட்டியையும் போட்டார்.

17 ஆகஸ்ட்

ரெண்டரை மணி நேரம். வெளியே பெஞ்சில் நானும் அமலாவும் ரஃபீக் பாயும். முகமது ரஃபீக் எங்கள் கீழ் வீடு, வேலூர்க்காரர், இவரைப் போலவே பட்டாளத்தில் இருந்து வந்தவர். தன் ஆம்னி வண்டியில் கூட்டிவந்துவிட்டு, போங்க என்றாலும் போகவில்லை.

மயக்கம் கொடுக்கவில்லையாம். முழித்துக்கொண்டே டிவியில் தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். "காஞ்சு போன மரம் மாதிரி இருந்துது. டாக்டர் பலூன ஊதினாரு. ஒரு கிளை வந்துது பாரு, சரசரன்னு கீழ வரைக்கும். சின்னதா" என்றார்.

தொடையில் வலை வைத்தாயிற்று. கீழே ஒரு குழாய் திறந்தது.

18 ஆகஸ்ட்

பாதம் சூடாக இருக்கிறது. நாலு தடவை தொட்டுப் பார்த்தேன். நர்ஸ் சிரித்தாள்.

4 செப்டம்பர்

கறுத்த சுண்டுவிரலை மட்டும் எடுத்துவிட்டார்கள். வெட்டும்போது ரத்தம் வந்ததாம். டாக்டர் கேல்கர் அதை நல்ல செய்தி என்று சொன்னார். ரத்தம் வருவதைக் கேட்டுச் சந்தோஷப்படுவேன் என்று யார் நினைத்தது.

23 செப்டம்பர்

தெருக்கோடியில் விநாயகர் சதுர்த்திக்குக் கணபதி மண்டல் வைத்த ஸ்பீக்கர். வீடே அதிர்கிறது. இவர் கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் வைத்துக்கொண்டு, தாளத்துக்கு விரலை ஆட்டினார். நாலு விரலும் ஆடின.

12 நவம்பர்

தீபாவளி. புண் மூடிவிட்டது. புது வேட்டி கட்டிக்கொண்டு கேட் வரை நடந்துபோய் வந்தார், எங்கேயும் நிற்கவில்லை. நான் பின்னால் ஓடினேன். மூச்சு வாங்கியது. திட்டினேன். அழுகையும் வந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

சிகரெட் தொடவே இல்லை. விட்டவர் விட்டவர்தான்.

15 ஜனவரி 2005

நேற்றுப் பொங்கல் வைத்தேன். இன்று காலை அவர் சாக்ஸ் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குள் எதற்கு சாக்ஸ் என்று கேட்டேன். குளிர் என்றார். குளிர்தான், ஜனவரி. நான் கையை உள்ளே விட்டுப் பார்த்தேன்.

வலது பாதம் மட்டும் சில்லென்று இருக்கிறது.

21 ஜனவரி

வலைக்குள்ளேயே அடைத்துவிட்டது. குதிகாலில் புதிதாக ஒரு புண். டாக்டர் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை. சிலருக்கு இப்படி ஆகிறது" என்றார். அதோடு இன்னொன்றும். சிறுநீரகம் இப்போது பாதிதான் வேலை செய்கிறது. மறுபடி கம்பி விட்டால் குழாய் தெரிவதற்கு மருந்து செலுத்த வேண்டும், அந்த மருந்து சிறுநீரகத்தை இன்னும் கெடுக்கலாம். திறக்கிற வாய்ப்பு பாதிக்குப் பாதி. இல்லையென்றால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடலாம். இப்போது எடுத்தால் வெட்டிய இடம் ஆறும். "ரெண்டுமே சரியான வழிதான். நீங்கள் யோசித்துச் சொல்லுங்கள்."

இவர் யோசிக்கவே இல்லை. "வெட்டிருங்க சாப்."

வண்டியில் வரும்போது சொன்னார். "வனஜா, இந்தத் தடவ நான் சொல்லுதத நீ கேளு."



24 ஜனவரி

அமலாவிடம் பேசினேன். இன்னொரு தடவை பார்க்கலாமே, போன தடவை ஐந்து மாதம் நன்றாக இருந்ததே என்றேன்.

"மா, அது அப்பாவோட கால். அப்பா டிசைட் பண்ணட்டும்."

அவள் சொல்வது நியாயம். நியாயம் தெரிந்து என்ன செய்ய? தீபாவளிக்கு நடந்த நடை என் கண்ணிலேயே நிற்கிறது.

31 ஜனவரி

வலி தாங்கமுடியாமல் நேற்று அட்மிட் செய்தோம். ஊசி போட்டிருக்கிறார்கள். கண் மூடியே கிடக்கிறார். அமலா ஆபீஸ் போயிருக்கிறாள். கேல்கர் வந்தார். மணி பதினொன்று இருக்கும்.

"என்ன முடிவு செய்தீர்கள்? அவரிடம் பேசினீர்களா?"

நான் அழுதுகொண்டிருந்தேன். "பேசினேன். இன்னொரு தடவை முயற்சி செய்யச் சொல்லிவிட்டார்" என்றேன்.

"அன்றைக்கு வேறு மாதிரி சொன்னாரே."

"மனசை மாற்றிக்கொண்டார்."

டாக்டர் கட்டிலைப் பார்த்தார். இவர் அசையவில்லை. "சரி, நாளைக் காலை" என்று சொல்லிவிட்டுப் போனார். மத்தியானம் நர்ஸ் தாளைக் கொண்டுவந்தாள், உறவினர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். நர்ஸ் அவர் பெருவிரலைப் பிடித்து மையில் அழுத்தி எடுத்தாள். கையெழுத்துப் போடத் தெரிந்த மனுஷன்.

எழுதிவிட்டேன். எங்கேயாவது எழுதி வைக்க வேண்டும்.

1 பிப்ரவரி

மூன்றரை மணி நேரம். திறந்துவிட்டது. பாதத்தில் சூடு.

பார்த்தீங்களா. நான் சொன்னேம்லா.

4 பிப்ரவரி

மூன்று நாளாக மூத்திரம் குறைந்துகொண்டே வருகிறது. முகம் ஊதியிருக்கிறது. மருந்து செலுத்துவதற்கு முன்னும் பின்னும் டிரிப் ஏற்றினார்கள், மருந்தையும் முடிந்தவரை குறைத்தார்களாம். அப்படியும்.

7 பிப்ரவரி

கழுத்தில் குழாய் போட்டு டயாலிசிஸ். கொஞ்ச நாளில் சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்கிறார்கள்.

10 பிப்ரவரி

பாதம் சில்லிட்டுவிட்டது.

12 பிப்ரவரி

கேல்கர் எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து சொன்னார். நின்றுகொண்டு சொல்லவில்லை, அதற்காக அவருக்குப் புண்ணியம் உண்டு. வலை மறுபடி அடைத்து, அடைப்பு தொடை வரை ஏறிவிட்டது. முழங்கால் பக்கம் சதை செத்திருக்கிறது. கீழே வெட்டினால் ஆறாது.

"மேலே?" என்று கேட்டேன்.

"மேலேதான்."

"முட்டி?"

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார்.

14 பிப்ரவரி

எடுத்துவிட்டார்கள்.

15 பிப்ரவரி

கண் விழித்ததும் போர்வையைத் தடவிப் பார்த்தார். கை தொடையிலிருந்து இறங்கி, பாதியில் மெத்தையில் விழுந்தது. மறுபடி மேலே போய் மறுபடி இறங்கியது. எங்கே முடிகிறது என்று அளந்துவிட்டார்.  அமலா வெளியே போய்விட்டாள். நான் தண்ணீர் கொடுத்தேன். அளந்துதான் கொடுக்க வேண்டும், சிறுநீரகம் வேலை செய்யாதவருக்கு ஒரு நாளைக்கு மூன்று டம்ளர்.

28 பிப்ரவரி

வீடு. ரஃபீக் பாயும் இன்னொருவருமாக நாற்காலியோடு தூக்கி இரண்டு மாடி ஏற்றினார்கள். இவர் கண்ணை மூடிக்கொண்டார்.

20 மார்ச்

இன்று சொல்லிவிட்டேன். அவருக்கு முகம் மழித்துக்கொண்டிருந்தேன். டாக்டரிடம் பொய் சொன்னது நான்தான், நீங்கள் சம்மதிக்கவே இல்லை, உங்கள் முட்டியைத் தின்றது நான்தான். எல்லாவற்றையும் சொன்னேன். 

"தெரியும்" என்றார்.

"எப்படி?"

"முழிச்சுத்தான் கெடந்தேன். நீ பேசினது காதுல விழுந்துது."

"பொறவு ஏன் வேண்டாம்னு சொல்லல? ஒரு வார்த்த சொல்லிருக்கலாமே."

சோப்பு நுரை காய்ந்துகொண்டே போனது. 

"எனக்கும் ஆசை இருந்துருக்கும்லா" என்றார்.

பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். பாதி முகம் மழிக்காமலே கிடந்தது.

24 மார்ச்

நாலு நாளாகப் பேச்சு இல்லை. சாப்பாடு வாங்கிக்கொள்கிறார், மாத்திரை வாங்கிக்கொள்கிறார். கத்தினால்கூடத் தேவலை. நான் செஞ்சதுக்கு நாலு நாள் என்ன, நாலு வருசம் பேசாம இருந்தாலும் கேக்க முடியாது.

25 மார்ச்

"மிச்சத்தையும் மழிச்சு விடுதியா" என்றார்.

6 ஜூன்

லிம்ப் சென்டருக்குப் போனோம். அவர் ஆசைப்பட்டார். அங்கே மேஜர் ஒருவர் பரிசோதித்தார். மரியாதையாக உட்காரவைத்து, டீ கொடுத்துத்தான் சொன்னார். முழங்காலுக்கு மேலே எடுத்த கால், வாரத்துக்கு மூன்று டயாலிசிஸ், இதயமும் பலவீனம். செயற்கைக் காலின் பாரத்தை இழுக்க உடம்பில் தெம்பு இல்லை. இப்போதைக்குச் சக்கர நாற்காலிதான்.

"இப்போதைக்கு" என்று அவர் சொன்ன விதத்தில் எங்கள் இருவருக்கும் புரிந்துவிட்டது.

திரும்பும்போது பெரிய கூடத்தில் இரண்டு கம்பிகளுக்கு நடுவே ஒரு ஹவில்தார் புதுக் காலில் நடந்து பழகிக்கொண்டிருந்தார். நாற்பது வயசு இருக்கும். குனிந்து தரையைப் பார்த்தபடி, பயந்து பயந்து. இவர் நாற்காலியை நிறுத்தச் சொன்னார்.

"நீச்சே மத் தேக். சாம்னே. கந்தா சீதா."

கீழே பார்க்காதே, எதிரே பார், தோளை நிமிர்த்து என்கிற அந்த டிரில் குரலை நான் எத்தனையோ வருஷமாகக் கேட்கவில்லை. கூடமே திரும்பிப் பார்த்தது. அந்த ஹவில்தார் தலையை நிமிர்த்தி, "ஜீ உஸ்தாத்" என்று சொல்லிவிட்டு நடந்தார். கம்பியின் கடைசி வரை நேரே நடந்தார். முட்டி இருந்தது அவருக்கு.

வண்டியில் ஏறியதும் இவர் அழுதார். ரஃபீக் பாய் வண்டியைக் கிளப்பாமல், கண்ணாடி துடைக்கிற சாக்கில் இறங்கிப் போய் வெளியே நின்றார்.

19 ஜூலை

அமலாவுக்கு ஹைதராபாத் மாற்றல். போகமாட்டேன் என்கிறாள். போ என்று இவர் அதட்டினார். போன வாரம் கையில் டயாலிசிசுக்காக ரெண்டு ரத்தக் குழாய்களை இணைத்துத் தைத்தார்கள். அதில் காதை வைத்தால் உர்ரென்று ஓடுகிற சத்தம் கேட்கிறது. "இங்க மட்டும் நல்லா ஓடுது" என்று சிரித்தார். அமலா சிரிக்கவில்லை.

3 செப்டம்பர்

இவர் எடை ஐம்பத்திரண்டு கிலோ. தூக்குவதற்கு எனக்கு இப்போது யாருடைய உதவியும் வேண்டியதில்லை. இதில் சந்தோஷப்பட ஒன்றும் இல்லை.

18 அக்டோபர் 2005, செவ்வாய்

டயாலிசிஸ் நாள். இவர் உள்ளே, நான் வெளிக் கூடத்தில். பக்கத்தில் ஒரு மராட்டிப் பெண் வந்து உட்கார்ந்தாள், ஐம்பது வயசு இருக்கும். புருஷனைக் கேல்கரிடம் காட்ட வந்திருக்கிறாள். பெருவிரல் கறுத்துவிட்டதாம். ஒருத்தர் வெட்டு என்கிறார், ஒருத்தர் கம்பி விட்டுப் பார்க்கலாம் என்கிறார். அவளுடைய நாத்தனார் வீட்டுக்காரருக்குக் கம்பி விட்டே சரியாகி மூன்று வருஷமாக நடமாடுகிறாராம். யாரோ என்னைக் காட்டி, அந்தம்மாவிடம் கேள் என்று சொல்லியிருக்கிறார்கள்.

"தாயி, உங்களுக்கு எல்லாம் தெரியுமாமே. நான் என்ன செய்யட்டும்?"

எனக்கு என்ன தெரியும்? கம்பி விடாதே என்று சொல்லவா? அந்த ஐந்து மாதம் பொய்யில்லையே. அவர் தீபாவளிக்கு நடந்தது பொய்யில்லையே. விட்டுப் பார் என்று சொல்லவா?  அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடியே இருந்தாள்.

"உங்கள் வீட்டுக்காரர் என்ன சொல்கிறார்?" என்று கேட்டேன்.

"அவருக்கு என்ன தெரியும், பாவம். நாங்கள்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்."

"அவரிடம் கேளுங்கள்" என்றேன். "நன்றாக முழித்திருக்கிற நேரத்தில் கேளுங்கள். அவர் சொல்வது உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும், டாக்டரிடம் அதை அப்படியே சொல்லுங்கள்."

அவளுக்கு அது போதவில்லை, முகத்தில் தெரிந்தது. ஆனாலும் எழுந்து தன் புருஷன் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் போனாள்.

நாலு மணி நேரம் முடிந்து இவரைப் படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாற்றினேன். மடித்துக் குத்தியிருந்த பேண்ட் அவிழ்ந்து தொங்கியது, ஊக்கைச் சரிசெய்தேன்.

"யாருட்டி அது? கதவு வழியாப் பாத்தேன்."

"வீட்டுக்காரருக்குக் கால். என்ன செய்யன்னு கேட்டா."

"நீ என்ன சொன்ன?"

"அவர்ட்ட கேளுங்கன்னு சொன்னேன்."

லிஃப்ட், வராந்தா, சரிவு, எல்லாம் தாண்டி வண்டி நிற்கிற இடத்துக்கு வந்தோம். ரஃபீக் பாய் கதவைத் திறந்தார். நான் குனிந்து அவரைத் தூக்கக் கையைக் கொடுத்தேன். அவர் தன் இரண்டு கையையும் என் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டார்.

"பசிக்கி" என்றார். "போற வழில ரெண்டு இட்லி வாங்குவோம். நீயும் காலைலருந்து ஒண்ணும் திங்கல்ல."